காட்டோரப் பட்டா நிலத்தில் தீக்கோடு: வெட்டுவது முதல் அணைத்து முடிப்பது வரை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மறையூர், காந்தளூர், கீழாந்தூர் பக்கம் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னாறு வரை இறங்கும் இந்த மழைமறைவுச் சரிவில் தைலப்புல்லும் உண்ணிச்செடியும் தை முடிவதற்குள் காய்ந்து சருகாகிவிடும். அதன்பின் எங்கிருந்தாவது ஒரு பொறி வந்து விழுந்தால், வரப்போ முள்வேலியோ அதைத் தடுக்காது. எரிவதற்கு எதுவுமில்லாத ஒரு பட்டை நிலம் மட்டுமே தடுக்கும். அந்தப் பட்டையின் இரு ஓரங்களையும் (காட்டுப்பக்கம் வெளிக்கோடு, நம் பக்கம் உள்கோடு) மண் தெரிய வெட்டி, நடுவில் நிற்பதைத் தீ மெலிந்து எரியக்கூடிய பருவத்தில் நாமே எரித்துவிடுவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை.

புதிதாக வருபவர்கள் தீப்பெட்டி உரசும் நேரத்தையே வேலை என்று எண்ணிக்கொள்கிறார்கள். பத்து, பன்னிரண்டு நாள் நீளும் இந்த வேலையில் பற்றவைப்பதற்குப் போவது இரண்டு, மூன்று மணி நேரம்தான். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்னரோ பின்னரோ நடந்தவை. வரிசை மாறினால் ஆபத்தாகும் என்பதால் படிகளை வரிசையாகவே தருகிறேன். முதல் முறை செய்பவர், இதைப் பலமுறை செய்த ஒருவர் உடன் நிற்காமல் தொடங்கவே கூடாது.

1. எரிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

எல்லா நிலத்துக்கும் தீ தேவையில்லை. புல் முழங்காலுக்குக் கீழே இருந்து, பட்டையும் ஐம்பது, அறுபது மீட்டர் நீளம்தான் என்றால், வெட்டி வாரி உரக்குழியில் போட்டுவிடலாம். அதில் ஆபத்தும் இல்லை, மண்ணுக்கும் நல்லது. கரும்புத் தோகை, பீன்ஸ் கொடி போன்றவற்றைக் காட்டோரத்தில் எரிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அவற்றை மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

புல் இடுப்பளவு வளர்ந்து, நீளம் நூறு மீட்டரைத் தாண்டி, சரிவும் இருக்கும் இடத்தில்தான் எரிப்பது பொருந்தும். அங்கே அவ்வளவையும் வெட்டிச் சுமக்க ஆள் கிடைக்காது. வெட்டியதை அப்படியே விட்டாலோ நிற்கும் புல்லைவிட வேகமாகப் பற்றும். யூக்கலிப்டஸ் தோப்புக்கு அடியில் மட்டும் எரிக்காதீர்கள். உரிந்து தொங்கும் மரப்பட்டை நாடா நாடாவாகப் பற்றிக்கொண்டு காற்றில் ஏறி, கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய் விழும். அங்கே பட்டையையும் சருகையும் கையால் வாருவது ஒன்றே வழி.

2. எல்லையும் அனுமதியும்

ஜண்டா எனப்படும் எல்லைக் கற்குவியலைத் தாண்டினால் காடு. அந்தப் பக்கம் ஒரு கைப்பிடிச் சருகைக்கூட நாம் கொளுத்தக் கூடாது. காப்புக்காட்டில் தீ வைப்பது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்தில் ஆபத்து விளைவிக்கும்படி தீ மூட்டுவதையும், எரியும் தீயை அப்படியே விட்டுச் செல்வதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. நம் நிலத்தில் வைத்த தீ அங்கே நுழைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நாமே. ஆகவே வெளிக்கோடு உள்பட முழுப் பட்டையும் நம் பட்டா எல்லைக்குள்ளேயே அமைய வேண்டும்.

ஃபாரஸ்ட் ஸ்டேஷனுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, சர்வே எண், பட்டையின் நீளம், எரிக்க நினைக்கும் நாள், மாற்று நாள் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒப்புக்கொண்டால், ஒரு வாச்சரை உடன் அனுப்பும்படி கேளுங்கள். அந்த மாதங்களில் அவர்களும் காட்டுக்குள் தீக்கோடு எடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொடும்படி அமைத்தால் இரு தரப்புக்கும் பயன்.

சொல்லாமல் எரிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செயற்கைக்கோள்கள் தரையில் தெரியும் வெப்பப் புள்ளிகளைப் பதிவு செய்கின்றன. அந்தத் தகவல் வனத்துறைக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. தற்போது பயன்படும் கருவிகளில் ஒன்றின் ஒரு படப்புள்ளி தரையில் 375 மீட்டர் அகலம்தான் என்பதால், ஒரு தோட்டத்துத் தீகூட அதில் விழக்கூடும். நாம் சொல்லாமல் மூட்டிய சிறு தீயைத் தேடி ஆட்கள் இந்தப் பக்கம் ஓடிவரும் நேரத்தில், வேறொரு மலையில் உண்மையான தீ பரவிக்கொண்டிருக்கலாம்.

பக்கத்து நிலத்துக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் முந்தின நாளே தகவல் தந்து, 101, 112 ஆகிய எண்களை உடன் வரும் எல்லோருடைய கைபேசியிலும் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். மலையில் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதையும் முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

3. பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பகுதிக்கு முதன்மை மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்கழி கடைசி வாரத்திலிருந்து தை நடுப்பகுதி வரை புல்லின் நுனி காய்ந்திருக்கும், அடித்தூர் பச்சையாக இருக்கும், மண்ணில் ஈரம் தங்கியிருக்கும், விடியலில் பனி நனைக்கும். அப்போது வைக்கும் தீ முழங்கால் உயரத்தில் நகரும், அடித்தூர் பிழைத்துக்கொள்ளும். மாசி பிறந்தபின் அதே புல் ஆள் உயரத்துக்கு எரியும். "இந்த வருடம் தாமதமாகிவிட்டது, மாசியில் எரித்துக்கொள்ளலாமா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: கூடாது. அந்த ஆண்டு வெட்டி வாருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தைலப்புல் விவசாயிகள் கோடை முடிவில், மழைக்குச் சற்று முன்னர் அடித்தூரை எரிக்கும் வழக்கத்தைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது அறுத்து முடித்த வயலில், புதுத் துளிர் வருவதற்காகச் செய்வது. நிற்கும் புல்லைக் காட்டோரத்தில் எரிப்பதற்கு அந்த மாதம் மிக மோசமான மாதம்.

4. கோட்டை நடந்து குறித்தல்

கையில் சுண்ணாம்புப் பொடியோடு முழு நீளமும் இரண்டு முறை நடக்க வேண்டும். ஒருமுறை மேலிருந்து கீழே, ஒருமுறை கீழிருந்து மேலே. ஒரு வழியாக நடக்கும்போது கண்ணுக்குத் தப்பும் பட்டுப்போன மரம், மறுவழியில் வானத்தை ஒட்டித் தெரியும்.

வெளிக்கோட்டை ஜண்டாவிலிருந்து நம் பக்கம் இரண்டு மீட்டராவது தள்ளிக் குறியுங்கள். உள்கோடு அதற்கு இணையாக, எட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வர வேண்டும். ஒவ்வொரு கோட்டின் அகலமும் பக்கத்தில் நிற்கும் புல்லின் உயரத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். ஒரு மீட்டர் புல்லுக்கு மூன்று மீட்டர் வைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும். எரியும் புல் சாயும்போது அதன் நுனி எதிர்ப்பக்கம் எட்டக் கூடாது என்பதே இந்தக் கணக்கு. பாறை, ஓடை, ஜீப் பாதை ஆகியவை வழியில் வந்தால் கோட்டை அவற்றோடு சேர்த்துவிடுங்கள். வெட்டும் வேலை மிச்சமாகும்.

கோட்டை நேர்நேராக இழுக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கூர்மையாக மடங்கும் மூலையில் தீ இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்து வெப்பம் ஏறும். அதனால் வளைவை அகலமாக விடுங்கள். சந்தன மரம் நின்றால் கோட்டையே தள்ளிவைக்க வேண்டும். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் அதில் கை வைக்க முடியாது. அதன் மெல்லிய பட்டை தீயையும் தாங்காது.

5. வெட்டுதலும் வாருதலும்

எரிப்பதற்குப் பத்து நாள் முன்னதாக இதைத் தொடங்க வேண்டும். முதலில் வெளிக்கோடு, அடுத்து உள்கோடு. பாதியில் ஆள் வராமல் போனாலும், காட்டுப்பக்கம் இருக்கும் கோடாவது முடிந்திருக்கும்.

வெட்டரிவாளால் புதரைச் சாய்த்து, களைக்கொத்தால் தூரை எடுத்து, முள்வாரியால் வாரி, கடைசியில் ஈர்க்குமாறு போட்டுக் கூட்ட வேண்டும். இந்தக் கடைசிக் கூட்டலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் கோட்டில் விரலளவு சருகு படிந்திருந்தால் போதும், தீ சுவாலையே இல்லாமல் ஊர்ந்து மறுபக்கம் போய்விடும். உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கையில் மண் ஒட்டினால் கோடு சரி, சருகு ஒட்டினால் இன்னொருமுறை கூட்டுங்கள்.

வெட்டியதை எங்கே போடுவது என்பதில் நானே ஒருமுறை தவறினேன். வெளிக்கோட்டில் வெட்டிய உண்ணிச்செடியைத் தூக்கிப் போகச் சோம்பல்பட்டு, பட்டையின் விளிம்பை ஒட்டியே நீளக் குவியலாக விட்டுவிட்டேன். பத்து நாளில் அது விறகாகக் காய்ந்திருந்தது. பற்றவைத்தபோது மற்ற இடத்தில் முழங்கால் உயரம் எரிந்த தீ, அந்தக் குவியலில் என் தலைக்கு மேல் எழுந்து, கோட்டைத் தாண்டிச் சாய்ந்தது. பத்தடி அகலக் கோடு அந்த இடத்தில் இல்லாத கோடாகிவிட்டது. உடன் நின்றவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதால் அடித்து அணைத்தோம். ஆகவே வெட்டியதைப் பட்டையின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய், எங்கும் கணுக்கால் உயரத்துக்கு மேல் போகாதபடி பரப்பிவிட வேண்டும்.

பட்டைக்குள் நிற்கும் உயிர்மரங்களின் அடியில், சுற்றிலும் ஒன்றரை மீட்டர் தூரத்துக்குச் சருகை வாரிவிடுங்கள். பட்டுப்போன மரம் கோட்டுக்கு அருகில் நின்றால், அனுமதியோடு முன்பே வெட்டிச் சாய்க்க வேண்டும். பொந்துள்ள காய்ந்த மரம் உள்ளே பற்றினால் புகைபோக்கி போல உச்சியிலிருந்து பொறி கக்கும். அதைத் தரையில் நின்று அணைக்க முடியாது.

6. ஆள், உடை, கருவி

நூறு மீட்டர் பட்டைக்கு ஆறு பேர் குறைந்தபட்சம். ஒருவர் பற்றவைப்பவர், இருவர் வெளிக்கோட்டிலும் ஒருவர் உள்கோட்டிலும் காவல், ஒருவர் தண்ணீர், ஒருவர் உயரமான இடத்தில் நின்று முழுவதையும் பார்ப்பவர். மேலே நிற்பவர் சொல்வதே முடிவு. அவர் கையில் வேறு வேலை கொடுக்கக் கூடாது.

பருத்தி முழுக்கைச் சட்டை, பருத்திக் கால்சட்டை, தோல் செருப்போ பூட்ஸோ, தலையில் நனைத்த துண்டு. பாலியஸ்டர், நைலான் உடை பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும் என்பதால், அப்படி வருபவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு தோள் தெளிப்பான்களில் தண்ணீர் நிறைத்து, கூடுதலாக இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை உள்கோட்டுப் பக்கம் வைக்க வேண்டும். மருந்து தெளித்த தெளிப்பானைக் கழுவாமல் கொண்டுவராதீர்கள். நனைத்த சணல் சாக்கு, மண்வெட்டி, இலை அடர்ந்த பச்சைக் கிளைகள் ஆகியவை ஆளுக்கொன்று.

கிளையால் அணைப்பதற்கும் முறை உண்டு. தலைக்கு மேல் ஓங்கி அடித்தால் பொறி நாலாபுறமும் தெறிக்கும். சுவாலையின் அடியில் கிளையை வைத்து அழுத்தி, எரிந்த பக்கத்தை நோக்கி இழுத்துத் துடைக்க வேண்டும்.

7. பற்றவைக்கும் நாள்

காலை எட்டரை மணி வாக்கில் பனி உலர்ந்ததும் தொடங்கி, பதினொரு மணிக்குள் தீ முடிந்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்தபின் எரிப்பதே பாதுகாப்பு என்று சொல்பவர்கள் உண்டு. மாலையில் காற்றில் ஈரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சரிவுகளில் பகலில் மேல்நோக்கி வீசும் காற்று பொழுது சாயும்போது கீழ்நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின்போது தீ எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருட்டியபின் யானையும் காட்டெருமையும் நடமாடும் எல்லையில் நின்று கங்கு தேடுவதும் நடக்காத காரியம். அதனால் நான் காலையையே தேர்ந்தெடுக்கிறேன்.

புறப்படுவதற்கு முன் ஒரு கைப்பிடிச் சாம்பலைத் தூவிப் பாருங்கள். காற்றே இல்லாமலோ, மெல்ல மேலேறியோ இருந்தால் சரி. காட்டை நோக்கி அடித்தாலோ, விட்டுவிட்டு வீசித் திசை மாறினாலோ, அன்றைக்கு வேலை இல்லை. ஆள் கூலி கொடுத்தாயிற்றே என்று எரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூலி போனால் போகட்டும்.

அடுத்து, பட்டை முழுவதும் ஒருவர் குச்சியால் தட்டிக்கொண்டே நடந்து வர வேண்டும். தரையில் கூடு கட்டிய பறவை, முயல், ஆமை எதுவாயினும் விலகட்டும். சின்னாறுப் பக்கம் நட்சத்திர ஆமைகள் உண்டு. அவற்றால் ஓட முடியாது என்பதால் புல் தூரின் அடியையும் கையால் விலக்கிப் பார்க்க வேண்டும். இதே காரணத்தால் நாற்புறமும் வளைத்துத் தீ வைக்கவே கூடாது.

பிறகு சோதனைத் தீ. பட்டையின் மேல்மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பற்றவைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். சுவாலை இடுப்புக்கு மேல் எழுந்தால் அணைத்துவிட்டுத் திரும்புங்கள். புகைந்து புகைந்து நின்றுவிட்டால் புல் இன்னும் காயவில்லை. நாலு நாள் கழித்து வாருங்கள்.

சோதனை சரியாக வந்தால், பட்டையின் மேல்விளிம்பு முழுவதும் பற்றவைத்துத் தீயைக் கீழ்நோக்கி இறங்கவிட வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், புதியவர்கள் இடறுவதும் இங்கேதான். கீழிருந்து வைத்தால் நன்றாகப் பிடிக்கிறதே என்று கீழே வைத்துவிடுகிறார்கள். சரிவில் மேலேறும் தீ தனக்கு முன்னால் இருக்கும் புல்லைத் தானே வாட்டிக் காயவைத்துக்கொண்டு போகிறது. சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்பவர்களின் பொதுக்கணக்கு. இறங்கும் தீயோ நடக்கும் ஆளைவிட மெதுவாக, தான் நிற்கும் இடத்தை எரித்து முடித்தபின்தான் அடுத்த அடி வைக்கும். முதுவர் பழங்குடியினரின் குடிகளில் கேழ்வரகுப் புனத்துக்கு எரித்துப் பழகிய மூத்தவர்களோடு வேலை செய்தபோது, அவர்கள் உச்சியில் தீ வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்திருப்பதைக் கண்டேன். முதலில் எனக்கு அது விளங்கவில்லை. மேலே ஒரு கரிப்பட்டை உருவாகும் வரை அவர்கள் கீழே கை வைப்பதில்லை.

மேல்விளிம்பில் மூன்று மீட்டர் அகலத்துக்குக் கரி நிலம் கிடைத்தபின், அதற்கு இரண்டு மீட்டர் கீழே அடுத்த வரி வைக்கலாம். அந்தத் தீ மேலேறினாலும் கரி நிலத்தை முட்டி அணைந்துவிடும். இப்படி வரி வரியாக இறங்குங்கள். ஒரு வரி அடங்கியபின்தான் அடுத்தது. பற்றவைப்பவர் எப்போதும் கரி நிலத்துக்கும் தனக்கும் இடையே தீ இல்லாதபடி நிற்க வேண்டும்.

தீக்கு மேற்புறச் சரிவில், எரியாத புல்லுக்குள் யாரும் நிற்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் நடைபயணம் சென்றவர்களைப் புல் சரிவில் தீ சூழ்ந்ததில் 23 பேர் உயிரிழந்தனர். 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் இறந்த மூவரும் தீயணைக்கச் சென்ற வனத்துறை வாச்சர்கள். அனுபவம் இருக்கிறது என்பது யாரையும் காப்பாற்றிவிடாது.

8. கோட்டைத் தாண்டினால்

முதலில் பற்றவைப்பதை நிறுத்துங்கள். தாண்டிய தீ ஒரு கட்டில் அளவுக்குள் இருந்தால் இருவர் இரண்டு பக்கவாட்டிலிருந்தும் துடைத்துக்கொண்டே முன்னேறி முனையைச் சேர்க்கலாம். முனைக்கு நேராகப் போய் நிற்கக் கூடாது. அதைவிடப் பெரிதானால் உடனே 101க்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிட்டு, ஆட்களை எண்ணிக் கரி நிலத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஏற்கெனவே எரிந்த இடமே அந்த நேரத்தில் மிகப் பாதுகாப்பான இடம். தயக்கத்தில் போகும் பத்து நிமிடத்தைப் பிறகு எவ்வளவு ஆளாலும் மீட்க முடியாது. எதிர்த்தீ வைத்து மடக்கலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் அதைத் தடுங்கள். வனத்துறைப் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

9. அணைத்து முடித்தல்

சுவாலை அடங்கியதும் டீ குடிக்க உட்கார்ந்துவிடும் பழக்கத்தை மாற்ற வேண்டும். வெயில் ஏறி, பிற்பகல் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையே காற்று வலுக்கும்போதுதான் கங்கு மறுபடி கண் விழிக்கும். அதற்குள் இரு விளிம்புகளிலிருந்தும் உள்நோக்கி மூன்று மீட்டர் வரை ஒவ்வொரு அடியையும் தடவி அணைத்திருக்க வேண்டும். புறங்கையைத் தரைக்கு மேல் நீட்டிச் சூட்டைப் பாருங்கள். சூடு தெரியும் இடத்தைக் கொத்தால் கிளறி, தண்ணீர் விட்டு, மீண்டும் கிளற வேண்டும். மேலாகத் தண்ணீர் தெளித்தால் மேல்சாம்பல் பிசுக்காகி, அடியில் இருக்கும் கங்குக்குப் போர்வையாகிவிடும்.

காய்ந்த யானை லத்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே கறுத்து அணைந்தது போலவே கிடக்கும், புகைகூடத் தெரியாது. ஒருமுறை எரித்த மறுநாள் காலை ஒன்றைக் காலால் புரட்டினேன். உள்ளே நார் நாராகச் செந்தணல் ஊர்ந்துகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் அது சிவந்து மூச்சுவிட்டதைப் போலிருந்தது. கோட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் அது கிடந்தது. ஆகவே லத்தியையும் சாணத்தையும் எரிப்பதற்கு முன்பே கோட்டோரத்திலிருந்து அகற்றிவிடுங்கள். எரிந்தபின் தென்படும் ஒவ்வொன்றையும் பிய்த்து நனையுங்கள். சரிவில் உருளக்கூடிய கட்டைகளைக் குறுக்கே திருப்பி, அடியில் கல் வைத்து நிறுத்துங்கள்.

அன்று மாலை வரை இருவர் அங்கேயே இருக்க வேண்டும். மறுநாள் காலையிலும் நண்பகலிலும் ஒருமுறை நடக்க வேண்டும். மூன்றாம் நாளும் நண்பகலில் ஒருமுறை. புகை வாசனை எங்கும் இல்லை என்றால்தான் ஸ்டேஷனுக்கு வேலை முடிந்தது என்று சொல்லலாம்.

10. கோடை முழுவதும் கோட்டைப் பேணுதல்

தையில் எடுத்த கோடு மாசியில் கோடாக இருப்பதில்லை. காட்டு மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியதும் சருகு பறந்து வந்து படிந்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கோடுகளையும் கூட்ட வேண்டும். வேனில் மழை இறங்கும் வரை இதை நிறுத்தக் கூடாது. கரும்பாலை நடத்துபவர்கள் அடுப்புச் சாம்பலைக் கோட்டில் கொண்டுவந்து கொட்டுவதை அனுமதிக்காதீர்கள். குளிர்ந்துவிட்டது என்று கொட்டிய சாம்பலில் கங்கு இருப்பது சாதாரணம்.

மழைக்குப்பின் எரிந்த பட்டையில் புல்லைவிட முந்திக்கொண்டு உண்ணிச்செடி முளைக்கும். அதை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு எரிபொருள் இருமடங்காகி, எரிப்பதே முடியாமல் போகும். மண் ஈரமாக இருக்கும்போது, செடி முழங்கால் உயரம் வருவதற்குள், வேரோடு பிடுங்கிவிடுங்கள். பிடுங்கியதை ஈர மண்ணில் போட்டால் மறுபடி வேர்விட்டுவிடும். வேர் மேல்நோக்கி இருக்கும்படி பாறைமேல் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும்.